டெல்டா தொகுதியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அறிவிப்பு: யாரிடம், எதை, எப்போது கேட்பது?

காவிரி டெல்டாவின் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு வெளியிடும் அறிவிப்புகளில் மூன்று வகைச் செய்திகள் மாறாமல் இடம்பெறுகின்றன. வாக்காளர் சிறப்பு முகாம் எந்தப் பள்ளியில் நடக்கிறது என்பது ஒரு வகை. ஆற்றில் தண்ணீர் கூடுவதால் கரையோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போக வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புச் செய்திகள் இன்னொரு வகை. பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல், உதவித்தொகை, மனு முகாம் ஆகியவை மூன்றாவது வகை. சுவரொட்டியாகவும், ஆட்டோ ஒலிபெருக்கியிலும், வாட்ஸ்அப் படமாகவும் வந்துசேரும் இவற்றைப் பார்ப்பவருக்கு, எல்லாவற்றையும் எம்.எல்.ஏ.தான் நடத்துகிறார் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் இவற்றில் எதையும் முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. வெள்ளமும் புயலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பொறுப்பு. நெல் கொள்முதல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வேலை.

ஆனாலும் அந்த அறிவிப்பு தேவையானது என்றே நான் கருதுகிறேன். வேறெந்த வட்டாரத்தையும் விட டெல்டாவுக்கு மிகத் தேவையானது. இங்கே இந்த மூன்றும் ஒரே சில வாரங்களுக்குள் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறக்கப்படுகிறது. அந்தக் குறுவை அறுவடையாகிக் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நாட்களில்தான் சம்பா நடவும் நடக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது. சம்பாப் பயிரைக் காப்பீடு செய்வதற்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. ஜனவரி 1-ஐத் தகுதி நாளாகக் கொண்டு ஆண்டுதோறும் நடக்கும் வாக்காளர் பட்டியல் திருத்தமும் பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோதான் ஆரம்பிக்கிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது, வீட்டுக் கூரை ஒழுகும்போது, கிராம நிர்வாக அலுவலர் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சான்றளிக்கும் அடங்கலைக் கொடுத்து மாளாமல் இருக்கும்போது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் எத்தனை குடும்பங்களால் பார்க்க முடியும்?

2025-இல் இது கண்கூடாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் நவம்பர் 4 அன்று தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்துத் திரும்பப் பெறும் அந்தப் பணி முடிவதற்குள், நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயலின் மழை டெல்டாவில் கொட்டி, இளம் சம்பாப் பயிரை மூழ்கடித்தது. முதலில் டிசம்பர் 4 என்றிருந்த கடைசி நாள் 11-க்கும், பிறகு தமிழ்நாட்டுக்கு 14-க்கும் தள்ளிப்போனது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், மாநிலம் முழுவதும் முன்பிருந்த பெயர்களில் சுமார் 97 லட்சம் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் ஆகியோரின் பெயர்கள் நீங்குவது பட்டியலின் நேர்மைக்கு அவசியம். ஆனால் தேடிவந்தபோது வீட்டில் இல்லாதவரும் அதே கணக்கில் சேர்ந்துவிடக்கூடும் என்பதால், டெல்டாவில் பட்டியல் பற்றிய அறிவிப்பு வெறும் தேதியோடு நிற்கக் கூடாது.

இங்கே வீட்டில் இல்லாதவர்கள் பலர். திருப்பூர், கோவை, சென்னை என்று வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத தெருவே இல்லை எனலாம். இவர்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது அறிவிப்புகளில் அரிதாகவே வருகிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதன் 20-ஆவது பிரிவு இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டுமே ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் என்ற நிலையை இழந்துவிடுவதில்லை. ஆகவே அறுவடை வேலைக்கோ செங்கல் சூளைக்கோ சில மாதங்கள் போய்வரும் தொழிலாளியின் பெயரை, அவர் அன்று வீட்டில் இல்லை என்பதற்காக நீக்க முடியாது. அதேபோல், ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டுமே அங்கே வசிப்பதற்குச் சான்றாகாது. கும்பகோணத்தில் பூர்வீக வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் நிலையாகக் குடியிருப்பவர், சென்னையில்தான் பதிவு செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், வேறு நாட்டின் குடியுரிமை பெறாதவரை, 6-ஏ படிவத்தில் சொந்த ஊர் முகவரியில் பதிவு செய்யலாம். ஆனால் வாக்களிக்க அவர் நேரில் வந்தாக வேண்டும்.

படிவங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புதிதாகச் சேர 6, பெயர் நீக்கத்துக்கும் ஆட்சேபணைக்கும் 7, முகவரி மாற்றம், பிழைத்திருத்தம், புதிய அடையாள அட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் 8. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இதைவிட முக்கியம், மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பது. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு சரியில்லை என்று கருதுபவர், 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீரவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். வாக்காளர் முகாம் பற்றி வரும் சுவரொட்டிகளில் எம்.எல்.ஏ.வின் படம் பெரிதாக இருக்கிறது; இந்த இரண்டு வரிகளுக்கு அதில் இடம் கிடைப்பதில்லை.

2025-இன் அந்தத் திருத்தத்தில் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை வந்தபோது டெல்டாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2008-இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபோது குத்தாலம், வலங்கைமான், திருவோணம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் இல்லாமல் போயின. அதற்கு முந்தைய பட்டியலில் தன் தாயின் பெயரைத் தேடும் குத்தாலத்துக்காரர், இன்றைய தொகுதியின் பெயரில் தேடினால் கிடைக்காது. இல்லாமல் போன தொகுதியின் பெயரில்தான் தேட வேண்டும். எந்த ஊராட்சி அன்று எந்தத் தொகுதியில் இருந்தது, இன்று எதில் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுப்பது எம்.எல்.ஏ. அலுவலகம் சுலபமாகச் செய்யக்கூடிய, எந்த விதியும் தடுக்காத உதவி. அதற்கு மாறாக, கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் படிவங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்துக்கொள்வது எந்தக் கட்சி செய்தாலும் ஆபத்தானது. கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் ஒரு நாளில் எத்தனை படிவங்கள் கொடுக்கலாம் என்பதற்கு ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது. படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குவதே பாதுகாப்பான வழி.

பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு வருவோம். டெல்டாவில் இவற்றின் தரம் உயிர் சம்பந்தப்பட்டது. மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடம் ஆற்றின் நடுவிலும் படுகையிலும் அமைந்த நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளைமணல் போன்ற கிராமங்கள், மேட்டூரிலிருந்து உபரிநீர் பெருமளவில் திறக்கப்படும் ஆண்டுகளிலெல்லாம் சூழப்படுகின்றன. 2022-லும் 2024-லும் ஆகஸ்டில் அப்படித்தான் நடந்தது. “கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்” என்ற ஒற்றை வரி அந்த மக்களுக்கு எதையும் சொல்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு. அணைக்கரையில், அதாவது கீழணையில், இப்போது கொள்ளிடத்தில் எத்தனை கன அடி விடப்படுகிறது. இன்று இரவுக்குள் அது எவ்வளவாகும். எந்தத் திட்டுக்கு எந்தப் படித்துறையிலிருந்து படகு. முகாம் எந்தப் பள்ளியில். மாடுகளை எங்கே கட்டுவது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பலர் கடைசி நேரம் வரை வீட்டை விட்டு நகர்வதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கீழணைக்கு வர நாட்கள் ஆகும். எனவே மேட்டூரின் அளவை மட்டும் அறிவிப்பதைவிட, கீழணையின் அளவைக் காலையும் மாலையும் அறிவிப்பதே கடைமடைக்குப் பயன்படும். இந்த விவரம் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதைத் தினமும் கேட்டு வாங்கி மக்களிடம் சேர்ப்பது சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தால் முடியும்.

வெள்ளம் ஆற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. டெல்டா தட்டையான நிலம். மழை கொட்டும்போது வயலில் விழுந்த தண்ணீர் வடிகால்கள் வழியாகக் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் கடல் கொந்தளித்து உயர்ந்திருந்தால் தண்ணீர் வடியாது. வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தாலும் வடியாது. ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத் துறை தூர்வாருகிறது. வயலுக்கு அருகே ஓடும் சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்கள் பெரும்பாலும் வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. “எங்கள் தொகுதியில் தூர்வாரும் பணி சிறப்பாக நடைபெறுகிறது” என்ற அறிவிப்பைப் படிக்கும் விவசாயி, எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எந்தத் துறை, தண்ணீர் வருவதற்கு முன் முடியுமா என்ற நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். தண்ணீர் திறந்த பிறகு நடக்கும் தூர்வாரலால் யாருக்கும் பயனில்லை.

இந்த மண்ணின் பெரிய துயரங்களில் பல, முன்னெச்சரிக்கை இருந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளிக் கட்டடத்தில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். 1992 மகாமகத்தின்போது குளக்கரை நெரிசலில் சுமார் 50 பேர் இறந்தனர். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாவின் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். டெல்டாவில் தேரோட்டம் இல்லாத மாதமே இல்லை. அவற்றில் பல சிறிய ஊர்களில், முறையான அனுமதி கேட்கும் பழக்கமே இல்லாமல், ஊரார் கூடி இழுக்கும் சப்பரங்கள். அவ்விழாக்களின் அழைப்பிதழ்களில் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் முதல் வரிசையில் இருக்கும். அழைப்பிதழ் வந்த அன்றே, தேர் போகும் தெருவில் எந்த நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படும், மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்தாயிற்றா, சாலை உயர்த்தப்பட்டதால் கம்பி தாழ்ந்து தெரிகிறதா என்று அவர் அலுவலகம் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டால் அது பெரிய காரியம். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. கும்பகோணத்தில் இப்போதே பேசத் தொடங்க வேண்டிய பொருள் இது.

உதவிகளைப் பற்றிய அறிவிப்புகளில் நெல் கொள்முதலே அதிகக் கோபத்தைக் கிளப்புவது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். ஐப்பசி மழையில் அறுத்த நெல் அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். களத்தில் இடமில்லாமல் விவசாயி நெல்லைத் தார்ச்சாலையின் ஒரு பாதியில் கொட்டி, ஓரத்தில் கல் அடுக்கி, காலால் கிளறிவிட்டுக் காயவைக்கிறார். மேகம் திரண்டால் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். இருட்டிய பிறகு அந்தக் கல்லில் இருசக்கர வாகனங்கள் மோதி விழுகின்றன. ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசின் முடிவு. மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்த பிறகே ஆணை வரும். “ஈரப்பதத்தைத் தளர்த்த நடவடிக்கை எடுத்தேன்” என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் அறிவித்தால், அது அவர் கோரிக்கை வைத்தார் என்ற அளவிலேயே பொருள்படும். ஆனால் சாக்கு இல்லை, பிடித்த மூட்டைகளை ஏற்றிப்போக லாரி இல்லை, நிலையத்தில் காயவைக்கக் களம் இல்லை என்பவை மாவட்ட அளவிலேயே தீர்க்கக் கூடியவை. அவற்றில் அவர் குரலுக்கு உடனடி வலு உண்டு. உலர்களமோ கொள்முதல் நிலையத்துக்கான கட்டடமோ வேண்டுமென்றால், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து அவர் பரிந்துரைக்கலாம். பரிந்துரைப்பது அவர், நிர்வாக அனுமதி கொடுத்து நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம்.

பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் ஆகியவற்றோடு இ-சேவை மையத்திலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பதியலாம். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவர்கள் இங்கே ஏராளம். அவர்களும் காப்பீடு செய்யலாம் என்பதை அறிவிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அடங்கல் கிடைப்பதில் தாமதம் என்றால் வட்டாட்சியரிடம் பேச வேண்டியவரும் சட்டமன்ற உறுப்பினர்தான். இழப்பீடு தனி வயலைப் பார்த்துப் பெரும்பாலும் வருவதில்லை. கிராம அளவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. அரசின் வெள்ள நிவாரணம் வேறு. அதற்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்லும் அறிவிப்புகளால் பலர் ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றொன்றை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, சட்டமன்ற உறுப்பினருக்கே உரிய வேலை எது என்ற கேள்வி நிற்கிறது. அது பேரவைக்குள் இருக்கிறது. 234 உறுப்பினர்களில் ஒருவராக அவர் அமைச்சரிடம் கேள்வி எழுப்பலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், ஒரு துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையில், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறாவிட்டால் உறுதிமொழிக் குழுவின் வழியே துரத்தலாம். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர், தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்புமாறு எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேட்டுக்கொண்டார். உங்கள் தொகுதியிலிருந்து போன பத்தும் எவை, அவற்றில் எத்தனை முடிந்தன என்று உங்களுக்குத் தெரியுமா? முகாம் தேதியைச் சொல்லும் அறிவிப்புகள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை என்பதே என் முதன்மையான குறை.

உறுப்பினர் இல்லாமல் போனால் எது குறையும் என்பதை டெல்டா அனுபவித்திருக்கிறது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதால், 2016 மே மாதம் நடக்க வேண்டிய தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலை ஆணையம் ரத்து செய்தது. நவம்பர் 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. அடுத்த ஆண்டே அத்தொகுதி உறுப்பினர் பேரவைத் தலைவரால் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. உறுப்பினர்களில் ஒருவரானார். 2018 ஆகஸ்டில் மு. கருணாநிதி மறைந்ததால் திருவாரூரும் காலியானது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, இந்த இரண்டு தொகுதிகளுக்கும் பேரவையில் ஆள் இல்லை. திருவாரூர் இடைத்தேர்தல் 2019 ஜனவரி 28 என்று அறிவிக்கப்பட்டு, நிவாரணப் பணிகள் பாதிக்கப்படும் என்ற முறையீடுகளுக்குப் பின் ரத்தானது. ஏப்ரல் 18 அன்றுதான் இரண்டு தொகுதிகளும் வாக்களித்தன. அதிகாரிகள் முகாம் நடத்தினார்கள், மின்கம்பம் நட்டார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். விட்டுப்போன ஊர்களின் பெயரைச் சொல்லி அமைச்சரிடம் பதில் கேட்கும் உரிமை மட்டும் அந்த மக்களின் சார்பில் யாரிடமும் இல்லை.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்கள் பூட்டி முத்திரையிடப்படும், தொகுதி நிதியில் புதிய பணி தொடங்க முடியாது, முந்தைய சுவரொட்டிகள் மறைக்கப்படும். அப்போதும் இயங்குபவற்றை அதற்கு முந்தைய அறிவிப்பிலேயே அச்சிட்டுக் கொடுப்பது நல்லது: வாக்காளர் சேவைக்கு 1950, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930. வாக்குக்குப் பணம் கொடுக்கப்படுவதைப் பார்ப்பவர் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ காணொளியோ அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது அதன் நடைமுறை. 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் 12-டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் பெயர் சேர்ப்பது வேட்புமனுவின் கடைசி நாளோடு நின்றுவிடும். ஆட்சேபணைக்கு ஏழு நாள் அவகாசம் விட வேண்டியிருப்பதால், விண்ணப்பம் அதற்குப் பத்து நாள் முன்பாவது அலுவலரின் கையில் இருக்க வேண்டும்.